ஜெராக்ஸ் எடுக்கப் போனவர்கள்

(கல்லூரி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு அழைத்தவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் அழைத்தார்கள். "மேடம், நாலரைக்கு ஆரம்பிச்சு அஞ்சே முக்காலுக்குள்ள முடிச்சிருங்க. ஹாஸ்டல் பிள்ளைங்க ஆறு மணிக்கு உள்ள இருக்கணும்." தலைப்பு என்ன என்று கேட்டேன். "மகளிர் விடுதிகளில் பாதுகாப்பும் சுதந்திரமும்" என்றார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பதினொரு வருஷம் டெபுடி வார்டனாக இருந்தவளுக்குச் சிரிப்பை அடக்குவது கைவந்த கலை.

ஆமாம், நான் பூட்டுப் போட்டவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்சி மாறி வந்தவர்கள் பழைய கட்சியைப் பற்றிப் பேசினால் குரல் கொஞ்சம் கூடும். என் குரல் கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். எங்கள் விடுதியில் மாலை 6.30க்கு அட்டெண்டன்ஸ். சனிக்கிழமை மட்டும் 8 மணிவரை விடுவோம். 8 அடித்தால் கேட்டில் பூட்டு விழும், சாவி என் மேசை டிராயருக்குள் போகும். வாசலில் ஒரு பதிவேடு. நீளமான கணக்கு நோட்டு, சிவப்புத் துணி பைண்டிங், முதுகில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. தேதி, பெயர், அறை எண், போகும் இடம், காரணம், போன நேரம், வந்த நேரம், கையெழுத்து. இத்தனை கட்டம் போட்டு நானே ஸ்கேலால் கோடு இழுத்திருக்கிறேன்.

'காரணம்' என்ற கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது ஒரே சொல்: ஜெராக்ஸ். சினிமாவுக்குப் போனவள் ஜெராக்ஸ். அல்வா வாங்கப் போனவள் ஜெராக்ஸ். வயிற்று வலி என்று டாக்டரம்மாவைப் பார்க்கப் போனவளும் ஜெராக்ஸ்தான், வயிற்று வலி என்று எழுதினால் என்ன வலி, ஏன் வலி என்று நான் கேட்பேனே! ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், முப்பத்து நாலு ஜெராக்ஸ். எங்கள் பஜாரில் அப்போது இருந்ததே இரண்டு ஜெராக்ஸ் கடை. அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணனுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விடுதி. அங்கே வாசலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு ரேடியோ, ரேடியோவுக்குப் பின்னால் தூங்குகிற ஒரு மனிதர். நோட்டெல்லாம் கிடையாது.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். படிப்பு முடிந்து டி.சி. வாங்குவதற்கு முன்னால் எல்லோரிடமும் 'நோ ட்யூஸ்' கையெழுத்து வாங்க வேண்டும் அல்லவா, அப்படி என் அறைக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள். "மேடம், இனிமே நீங்க ஒண்ணும் பண்ண முடியாதுல்ல? ஒண்ணு சொல்லவா?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. தோழி வீட்டுக் கல்யாண நிச்சயத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். வழியில் பஸ் பஞ்சர். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 8.15. அங்கிருந்து விடுதி பத்து நிமிஷ நடை. எங்கள் விதி என்ன? முதல் தாமதத்துக்கு மன்னிப்புக் கடிதம், இரண்டாவதுக்கு வீட்டுக்கு போன், மூன்றாவதுக்கு விடுதியை விட்டு நீக்கம். அவளுக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. வீட்டுக்கு போன் போனால் அப்பா மறுநாளே வந்து பெட்டியைக் கட்டிவிடுவார். ஆனால் இரவு முழுக்க உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வந்தால் அது குற்றமில்லை, 'லோக்கல் கார்டியன் வீடு' என்று எழுதிக்கொள்ளலாம். இருபத்தைந்து நிமிஷம் பிந்துவதைவிடப் பத்து மணி நேரம் பிந்துவது எங்கள் விதிப்படி லாபம்.

அவள் கணக்குப் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் ராத்திரி உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் மதுரைக்கு டிக்கெட் எடுத்து ஏறிவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறார், விளக்கு இருக்கிறது, பக்கத்தில் பிள்ளையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மதுரையில் இறங்கி, டீ குடித்து, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தாள். மொத்தம் ஆறு மணி நேரப் பயணம், போக ஓர் இடமும் இல்லாமல். பால்காரருக்குக் கேட் திறக்கும் நேரத்துக்கு உள்ளே வந்தாள். நோட்டில் 'மாமா வீடு' என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் பதிவேட்டின்படி அன்று இரவு விடுதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவள் எந்த மாமா வீட்டுக்கும் போகவில்லை என்பதும், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி என் பூட்டுக்குப் பயந்து நெடுஞ்சாலையில் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள் என்பதும் எந்தக் கட்டத்திலும் இல்லை. வழியில் அவளுக்கு ஏதாவது நடந்திருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்குத் தெரியும். நோட்டை எடுத்துக் காட்டியிருப்போம். 'அவள் 8 மணிக்குள் வரவில்லை, எங்கள் பொறுப்பு முடிந்துவிட்டது' என்று சொல்லியிருப்போம். அந்த நோட்டு இருந்ததே அதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிள்ளையைக் காப்பாற்ற வைத்த நோட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னையும் கல்லூரியையும் காப்பாற்ற வைத்த நோட்டு.

நான் சொல்லவந்தது முக்கியமாக இதைத்தான். சுதந்திரம் பெரிதா, பாதுகாப்பு பெரிதா என்று தராசில் வைத்துப் பட்டிமன்றம் நடத்துகிறோம். தராசின் பாதுகாப்புத் தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு ஆபத்து வந்தால் முதலில் அவள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் ஆள் வரும், போலீஸ் வரும், குற்றவாளி பிடிபடுவான். எங்கள் விதி அவள் வாயைத்தான் முதலில் கட்டியது. என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கே நின்றாய், யாரோடு நின்றாய், மணி என்ன என்ற மூன்று கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலே அவளைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருப்பவன் குற்றம் செய்கிறவன்தான். 2024 டிசம்பர் 23 இரவு 8 மணி வாக்கில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமை உங்களுக்குத் தெரியும். விவரங்களுக்குள் நான் போகப்போவதில்லை. முதல் தகவல் அறிக்கையை வெளியே விட்டு அந்தப் பெண்ணுக்குச் செய்த அநியாயமே போதும். ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். அவளை மிரட்ட அவன் கையில் எடுத்தது என்ன? கைபேசியில் எடுத்த படத்தை வீட்டிலும் கல்லூரியிலும் காட்டிவிடுவேன் என்பதுதான். கத்தியைவிட அது பலமான ஆயுதம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆயுதத்தை அவன் கையில் கொடுத்தவர்கள் யார்? நானும் என்னைப் போன்ற ஆயிரம் வார்டன்களும் ஆயிரமாயிரம் அப்பா அம்மாக்களும் சேர்ந்துதான் கொடுத்தோம். அந்தப் பெண் பயப்படவில்லை, மறுநாளே புகார் கொடுத்தாள். ஐந்தே மாதத்தில் விசாரணை முடிந்தது. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்றது. அவனை உள்ளே தள்ளியது அவள் கொடுத்த புகார். எந்த விடுதியின் பூட்டுக்கும் அந்தப் பெருமையில் பங்கில்லை.

பூட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் ஒரு கேள்வி. ஆபத்து வெளியே இருக்கிறது, பெண் உள்ளே இருக்கிறாள், நடுவில் கேட். இதுதான் நம் மனசில் இருக்கும் படம். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதிக்குள் ரகசியக் கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. வைத்தவர் விடுதியை நடத்தியவரே. கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்கள். 2024 ஆகஸ்டில் திருச்சி என்.ஐ.டி. மகளிர் விடுதியில், இணைய இணைப்பைச் சரிசெய்ய அறைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒரு மாணவியிடம் அத்துமீறினான். அவள் உடையை விடுதி நிர்வாகத்தினர் குறைசொன்னார்கள் என்று மாணவிகள் விடிய விடியப் போராடினார்கள். அதே மாதம் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டது, அவர் பணியில் இருந்த மருத்துவமனைக்குள்ளேயே. அதற்கு மேற்கு வங்க அரசு கண்ட மருந்துகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி கொடுக்காதீர்கள் என்பது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாதுகாப்புக் கொடுப்பது உங்கள் வேலை, இரவில் வேலை செய்யாதே என்று பெண்ணிடம் சொல்ல முடியாது என்று சொன்னது.

பூட்டைப் பற்றிப் பேசும்போது தீயைப் பற்றியும் பேச வேண்டும். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் பழைய மேசை டிராயர் ஞாபகம் வந்தது. பதினொரு வருஷம் அந்தச் சாவியை வைத்திருந்தேன். இரவு 2 மணிக்குத் தீப்பிடித்தால் சாவியோடு ஓடிவரப்போவது யார் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

இப்போது அப்பாமார்கள் பக்கம் வருகிறேன். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஜூன் மாதம் சேர்க்கை நேரத்தில் சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பனைமரம் ஏறிக் காய்ப்பேறிய கை. கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. "அம்மா, ராத்திரி கேட்டைப் பூட்டிருவீகள்ல?" இது ஒன்றைத்தான் கேட்டார். பூட்டுவோம் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பூட்டு இல்லையென்றால் அந்தப் பிள்ளை பிளஸ் டூவோடு நின்றிருப்பாள். ஊரில் நாலு பேர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அந்தப் பூட்டுதான். 'கதவைத் திறந்து வையுங்கள்' என்று சென்னையில் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அவரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் பெண்கள் விடுதி என்பது தொடங்கியதே வெளியே வருவதற்கான வாசலாகத்தான். சகோதரி சுப்பலட்சுமி 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறிய இளம் விதவை. அடுத்த ஆண்டே குழந்தை விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார். பிறகு அந்த இல்லம் மெரினாவுக்கு எதிரே ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருந்த இடம், இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். வீட்டின் பின்கட்டில் முக்காட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த விடுதி மதில் சிறையாகத் தெரிந்திருக்குமா? அதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் திறந்த வெளி. மதில் வைத்தால்தான் அந்தக் காலத்துச் சமூகம் பிள்ளையை அனுப்பும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்தக் கணக்கை நூறு வருஷம் கழித்தும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பதா? சாயல்குடி அப்பாவுக்கு நான் பொய்யான பதில் சொன்னேன் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அவர் கேட்டது பூட்டை என்றாலும், வேண்டியிருந்தது என் மகளுக்கு ஒன்று என்றால் நீங்கள் இருப்பீர்களா என்பதற்கு ஒரு பதில். அந்தக் கேள்விக்கு நான் பூட்டைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன்.

பூட்டையும் பாதுகாப்பையும் ஒன்றாக நினைக்கும் இந்தக் குழப்பம் மேலிடத்துக்கும் உண்டு. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பணிக்குழு அமைத்தது. 'சக்ஷம்' என்ற பெயரில் 2013இல் அறிக்கை வந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதி போடாதீர்கள், கண்காணிப்பு என்ற பெயரில் நடமாட்டத்தை முடக்காதீர்கள் என்று அதில் இருக்கிறது. 2015இல் அதே மானியக் குழு பாதுகாப்பு வழிகாட்டுதல் என்று இன்னொன்றை அனுப்பியது. அதில் உயரமான மதில், மதில்மேல் சுருள் முள்கம்பி, பயோமெட்ரிக் வருகைப்பதிவு எல்லாம் இருந்தன. எந்தக் கல்லூரி எதை அமல்படுத்தியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முள்கம்பிக்கு டெண்டர் விடலாம். அறிக்கைக்கு விட முடியாதே!

அந்த 2015ஆம் ஆண்டுதான் ஜாமியா மில்லியாவில் மாணவிகளுக்கு இருந்த இரவுநேர அனுமதியை நிறுத்தியதைத் தொட்டு டெல்லியில் 'பிஞ்ச்ரா தோட்' என்ற இயக்கம் பிறந்தது. கூண்டை உடை என்று பொருள். 2017 செப்டம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி மாலை விடுதிக்குத் திரும்பும்போது பைக்கில் வந்தவர்களால் சீண்டப்பட்டாள். பக்கத்தில் இருந்த காவலர்களிடம் சொன்னபோது இந்த நேரத்தில் ஏன் வெளியே வந்தாய் என்று கேட்டார்கள் என்பதுதான் மாணவிகளின் புகார். மணி ஆறு ஆறரை இருக்கும். நம் ஊரில் விளக்கேற்றுகிற நேரம். அதற்குப் போராடியவர்களுக்குத் தடியடி கிடைத்தது. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக மாணவிகள் 2018இல் நாற்பத்தெட்டு நாள் உட்கார்ந்து போராடி இரவுக் கட்டுப்பாட்டை நீக்கவைத்தார்கள்.

கேரளத்தில் நீதிமன்றத்துக்கே போனார்கள். மாலை 6 முதல் இரவு 10 வரை விடுதியில் கைபேசி கூடாது என்ற விதியை ஏற்காமல் வெளியேற்றப்பட்ட ஒரு கோழிக்கோடு மாவட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 2019இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 9.30 மணிப் பூட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பூட்ட வேண்டுமென்றால் தொல்லை கொடுப்பவர்களை அல்லவா பூட்ட வேண்டும் என்ற பொருளில் நீதிபதி கேட்டார். அந்த வழக்கில் சுகாதாரப் பல்கலைக்கழகம் எடுத்துவைத்த வாதம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மூளை முழு முதிர்ச்சி அடைவது இருபத்தைந்து வயதில்தானாம். எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாகப் பிரசவ வார்டில் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக நிற்கிறவளுக்கு வயது இருபத்து மூன்று, இருபத்து நாலு. குழந்தையை வாங்கும் கைக்கு முதிர்ச்சி வந்துவிட்டது, விடுதிக்குத் திரும்பி நடக்கும் காலுக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது!

நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை எழுதும்வரை ஆறு மணிக்கு அட்டெண்டன்ஸ். ஜூலையில் சோழிங்கநல்லூரில் வேலை, நைட் ஷிஃப்ட், ராத்திரி 2 மணிக்குக் கேப். இடையில் இருந்த இரண்டு மாதத்தில் அவளுக்கு என்ன நேர்ந்தது, எந்த மரத்தடியில் ஞானம் வந்தது?

அந்த நைட் ஷிஃப்டுக்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது, அது நம்முடையது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, பெண்களைக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் வேலை வாங்கலாம் என்றது. பாதுகாப்புக்காகத்தான். 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இரவு வேலைத் தடையைச் செல்லாது என்று தள்ளியது. தள்ளிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைத்தால் முதலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது. வண்டி அனுப்ப வேண்டும், ஓய்வறை வேண்டும், கூட்டமாக வேலைக்கு வைக்க வேண்டும், பாலியல் தொல்லையைத் தடுக்க ஏற்பாடு வேண்டும். ஆலைக்குப் பொருந்தியது விடுதிக்குப் பொருந்தாதா? ஆலை முதலாளி செய்யக்கூடியதைத் துணைவேந்தர் செய்ய முடியாதா?

நான் மறுபடி வார்டனாக வந்தால் என்ன செய்வேன் என்று என் மகள் கேட்டாள். முதலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை நடந்து எத்தனை தெருவிளக்கு எரிகிறது என்று எண்ணுவேன். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று டெப்போவில் கேட்பேன், பத்தாது என்றால் கல்லூரி வேனை இரண்டு தடவை ஓட்டச் சொல்வேன். கேட்டில் ராத்திரி முழுக்க ஒரு ஆள், தூங்காத ஆள், பூட்டு இல்லாமல். தாமதமாக வருகிறவள் பெயரை எழுதிவிட்டு உள்ளே போகட்டும். எழுதுவது அவள் வந்து சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வதற்காக. எத்தனை மணியானாலும் கேள்வி கேட்காமல் எடுக்கிற ஒரு போன் நம்பர். உள் புகார்க் குழுவில் மாணவிகளே தேர்ந்தெடுத்த மாணவிகள். அந்தக் குழு நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நோட்டீஸ் போர்டில் நாலு பெயராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 'காரணம்' என்ற கட்டத்தை அடித்துவிடுவேன். சாயல்குடி அப்பா வந்தால்? அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மதுரைக்குப் போய்த் திரும்பிய பிள்ளையின் கதையைச் சொல்வேன். முதல் வருஷம் அவர் நம்பாமல் போகலாம். ஒருவேளை மகளை வேறு கல்லூரியில் சேர்த்துவிடலாம். அந்த நஷ்டம் எனக்கு இன்னும் பதில் தெரியாத இடம், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மணி ஐந்தே கால் தாண்டிவிட்டது. கேள்வி நேரம் இருபது நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். முதல் கேள்விகளை விடுதிப் பிள்ளைகள் கேட்கட்டும், அவர்களுக்குத்தான் நேரமில்லை. பின்வரிசையில் இருக்கும் தம்பிகளுக்கு அவசரமில்லை, கொஞ்சம் பொறுத்திருங்கள்.